தலையங்கத்தை வெட்டி ஒட்டாதே

கராச்சி, ஞாயிறு காலை

கண்ணு,

மூணு வாரமாகப் போனை எடுத்ததும் "படிக்கிறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். படி, வேண்டாம் என்று யார் சொன்னது? எதைப் படிக்கிறாய் என்பதுதான் என் கவலை. லாகூர் வெயிலுக்கு மோர் குடிக்கிறாயா?

நீ எழுதுகிற சிஎஸ்எஸ், அதாவது பாகிஸ்தான் அரசு உயர்பணித் தேர்வில், நடப்பு நிகழ்வுத் தாளில் 20 மதிப்பெண் விடையைத் தேர்ந்து குறிப்பதற்கு. மீதி 80க்கு நாலே கேள்வி. உள்நாடு 20, வெளியுறவு 40, உலகப் பிரச்சினை 40 என்று பாடத்திட்டமே பங்கு பிரித்துக் கொடுக்கிறது. உன் நோட்டில் முக்கால்வாசி இஸ்லாமாபாத் அரசியல்தான்.

'டான்' பத்திரிகைத் தலையங்கத்தை வெட்டி ஒட்டாதே. ஒரு விஷயத்துக்கு ஒரே தாள். சிந்து நதி ஒப்பந்தம் என்றால் மேலே: 1960 செப்டம்பர் 19, கராச்சி, நடுவில் உலக வங்கி. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் நமக்கு. அடுத்துத் தகராறு, இந்தியாவின் நீர்மின் திட்டங்கள்: கிஷன்கங்கா 330 மெகாவாட், ராட்லே 850. அதற்குக் கீழே 2025 ஏப்ரல், இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. ஜூனில், இந்தத் தகராறை விசாரிக்கும் நடுவர் மன்றம், அதனால் தன் அதிகாரம் போய்விடாது என்றது. கடைசி மூணு வரி உன்னுடையது. இரு அரசும் வேறு ஒப்பந்தம் போட்டு முடிக்கும்வரை இது நிற்கும் என்கிறது 12ஆம் பிரிவு. சரி, சட்டம் நம் பக்கம் இருந்தால் தண்ணீர் வந்துவிடுமா? அதை எழுது. மதிப்பெண் அங்கேதான்.

விளைவைக் கேட்டால் வரலாறு அஞ்சு வரியோடு நிற்கட்டும். நீ பிரிவினையில் ஆரம்பித்து, கேள்விக்கு வரும்போது இரண்டு பக்கம் போயிருக்கும். நாலு பதிலுக்கு இரண்டரை மணி நேரம். ஒன்றுக்கு 35 நிமிஷம், அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். நாலாவது பதில் அரைகுறையானால் முதல் பதிலின் அழகு காப்பாற்றாது.

எண்ணை மட்டும் ஒப்பிக்காதே. மத்திய வரி வருவாயை மாகாணங்களோடு பங்கிடும் 7ஆவது நிதிப் பகிர்வில் மாகாணங்களுக்கு 57.5 சதவீதம் என்று எல்லாரும் எழுதுவார்கள். அதைப் பங்கிடும்போது மக்கள்தொகைக்கு 82 சதவீத எடை. ஆள் குறைந்த பலூசிஸ்தான் என்ன ஆகும்? அதைச் சொல். தலையங்கத்தை வெட்டி ஒட்டினால் இதெல்லாம் வராது.

மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தாலும் கட்டாயத் தாள் ஒன்றில் 40க்குக் குறைந்தால் போச்சு. ஆங்கிலக் கட்டுரையில் பெரிய பெரிய கல்லூரிப் பிள்ளைகளே சறுக்குகிறார்கள், நீ தேறியிருக்கிறாய்.

எப்படித் தெரியும் என்கிறாயா? பழைய பேப்பரை எடைக்குப் போட அள்ளினேன். உன் மதங்கள் ஒப்பீட்டுப் புத்தகத்திலிருந்து மதிப்பெண் சீட்டு விழுந்தது. நடப்பு நிகழ்வு 38. பார்த்துவிட்டு அதே பக்கத்தில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

கட்டுக் கட்டாகத் தலையங்கம் வெட்டி அனுப்பினது நான். ஒட்டச் சொன்னதும் நான்தான். நீ எழுதின ஒரு பதிலையாவது கேட்டு வாங்கிப் படித்தேனா? இல்லை.

இன்னும் ஒரு தடவை எழுதலாம். எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம். இந்த வாரப் பார்சலில் பேப்பர் இல்லை, எலுமிச்சை ஊறுகாய் மட்டும். மூடியை இறுக்கியிருக்கிறேன், பார்த்துத் திற.

அப்பா