1937 ‘அம்பிகாபதி’யைப் பார்க்க வைத்தவர்களுக்கு நன்றி

ஒருவழியாகப் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டேன். 1957-இல் சிவாஜி நடித்தது இல்லை, அதற்கு இருபது வருஷம் முந்தியது, எம்.கே.தியாகராஜ பாகவதரும் எம்.ஆர்.சந்தானலட்சுமியும் நடித்தது. பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதலில் பிரதி தந்த அண்ணனுக்கு. எதற்கு என்றுகூடக் கேட்காமல் தூக்கிக் கொடுத்தீர்கள், உங்களுக்குப் பெரிய மனசு. படம் நெடுக மழை பெய்கிற மாதிரி கோடுகள், அது பரவாயில்லை, ஆனால் பேச்சு பாதிக்கு மேல் கேட்கவில்லை. இளங்கோவன் வசனம் எழுதிய படத்தில் பேச்சு கேட்காவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

அங்கேதான் தம்பி, நீ வந்தாய். இரைச்சலை மொத்தமாக வழித்தெடுத்தால் ‘ச’, ‘ஷ’ எல்லாம் அதோடு போய்விடும், கொஞ்சம் கரகரப்பு இருக்கட்டும் என்றாய். நீ விட்டுவைத்த அந்தக் கரகரப்புக்குள் பாகவதரின் குரல் அவ்வளவு தெளிவாக எழும்பி வருகிறது. எத்தனை ராத்திரி உட்கார்ந்தாயோ, ரொம்ப நன்றி தம்பி.

அப்புறம் ஐயா, உங்களுக்கு. பாட்டுப்புத்தகத்தை நம்பிக் கொடுத்ததோடு விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, காதில் விழாத இடத்தையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் ரோமியோ ஜூலியட்டை மனதில் வைத்து எடுத்த காதல் காட்சிகள் இவை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த நெருக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபட்டது. கடைசிக் கட்டத்தில் நாம் இரண்டு பேருமே பேசவில்லை. காமம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் அம்பிகாபதி உயிர் தப்பலாம் என்பது நிபந்தனை, கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிவிட்டு நூறு ஆயிற்று என்று அவன் காதலி, சோழ இளவரசி அமராவதி எட்டிப் பார்க்கிறாள், அவளைப் பார்த்ததும் அவன் அவளையே பாடிவிடுகிறான், தலை போகிறது. டி.எஸ்.பாலையா நடித்த வில்லன் ருத்ரசேனன் என்னதான் சூழ்ச்சி செய்யட்டும், அம்பிகாபதியைக் கொன்றது அவள் ஆசைதான் என்றே எனக்குப் படுகிறது. இவ்வளவு கொடூரமான காதல் முடிவு நம் பழைய படங்களில் வேறு எதிலும் என்னை இப்படி உலுக்கியதில்லை. மகனைக் காப்பாற்ற முடியாத கம்பராகச் செருகளத்தூர் சாமா இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார்.

ஐயா, புத்தகம் பத்திரமாக இருக்கிறது, ஒரு தாள்கூடக் கிழியவில்லை. இந்த வாரமே நேரில் கொண்டுவந்து தருகிறேன், தம்பி சரிசெய்த பிரதியும் உங்களுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.