புதுக் காரின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவைப்படும் வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கொடுத்துப் புதுக் கார் வாங்கும் நம்மில் பலர், முதல் 1,000 கிலோமீட்டரை எப்படி ஓட்டவேண்டும் என்று கையேட்டைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. புது எஞ்சினில், சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் நகரும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சிலிண்டர் சுவரின் நுண்ணிய வரிகளோடு உரசிப் படிந்த பிறகே எரிந்த வாயு கசியாதபடி நன்கு அடைபடும். அதுவரை உராய்வு கூடுதலாக இருப்பதால் பெட்ரோலும், சில கார்களில் எஞ்சின் எண்ணெயும், சற்று அதிகமாகச் செலவாகலாம். தீவு விரைவுச்சாலையில் ஏறும்போது தொடக்கத்தில் இறுக்கமாகத் தெரிந்த என் கார், 2,000 கிலோமீட்டரைத் தாண்டியதும் இலகுவாக இழுக்கத் தொடங்கியது. அந்தத் தொடக்க நாள்களில் முடுக்கியை முழுவதுமாக அழுத்துவதையும், நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டுவதையும் தவிர்த்து, எண்ணெய் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுமாறு விற்பனையாளர்கள் சாவியைக் கொடுக்கும்போதே எடுத்துச்சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகர்