வலி தணிப்பு நிதி: குழுவினர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலி தணிப்பு சிகிச்சை நாள். கடும் நோயில் கிடப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்வதுதான் வலி தணிப்பு சிகிச்சை. அதையொட்டி மூன்று தெருக்களிலும் உண்டியல் வைக்கிறோம்.

பணம் எதற்கு என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரைக்குப் பெரிதாகச் செலவாவதில்லை. கையைக் கடிப்பது டயப்பர், யூரின் பை, படுக்கைப் புண் வராமலிருக்க ஏர் பெட், வீட்டுக்கு வரும் நர்ஸின் ஆட்டோ செலவு. அப்புறம், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர் வீட்டுக்கு அரிசி, பருப்பு. இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நாம்தான் கவனித்துக் கொடுக்க வேண்டும்.

கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புப் பணி கேரளம் முழுக்கப் பரவியதில் அக்கம்பக்கத்தார் தந்த சிறு தொகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் மாதம் 50 ரூபாய் என்றாலும் தயங்க வேண்டாம்.

பணம் முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தாருங்கள். நீங்கள் நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தால் அந்த வீட்டு அம்மா கொஞ்சம் தூங்குவார். சும்மா கிடக்கும் வீல்சேர், வாக்கர் இருந்தாலும் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.

நோயாளிகளின் பெயரையோ படத்தையோ இங்கே தயவுசெய்து போடாதீர்கள். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி இதே குழுவில் வரும்.