செல்வத்துக்கு, கூரை மேல இருக்கற கரண்ட் பத்தி

அன்புள்ள செல்வம்,

உன் லெட்டர் கிடைச்சுது, ரொம்ப சந்தோஷம்டா. இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி இப்ப கொஞ்சம் தேவல, பெரியவன் கோயமுத்தூர்ல வேலைக்கு சேர்ந்துட்டான். தென்னைல வெள்ளை ஈ மறுபடியும் வந்திருக்கு, அத நினைச்சாதான் கவலையா இருக்கு.

நீ எழுதினதுல ஒரு விஷயம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. பெரிய கம்பெனிங்க மட்டும் குறுக்க நிக்கலேன்னா நாம எப்பவோ சொந்தமா கரண்ட் எடுத்து யார் தயவும் இல்லாம வாழ்ந்திருப்போம், தண்ணில ஓடற வண்டி, காந்தத்துல சுத்தற ஜெனரேட்டர்னு எவ்வளவோ கண்டுபிடிப்ப அமுக்கி வச்சிட்டாங்கன்னு எழுதியிருந்தே. அமுக்கறாங்கங்கறதுல எனக்கும் சந்தேகம் இல்ல. ஆனா ரகசிய மெஷினை எல்லாம் அமுக்கல. 1996ல மூலிகைய வச்சே பெட்ரோல் செய்யலாம்னு ராமர் பிள்ளை சொன்ன மூலிகை பெட்ரோல பத்தி நாடே பேசிச்சே, கடைசில அது மோசடின்னு சிபிஐ கேஸ்ல போய் நின்னுது, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி கதைய நம்பிட்டு இருந்தோம்னா பட்டப்பகல்ல நடக்கறத பாக்காம விட்டுருவோம்டா.

அமெரிக்கால ஒஹாயோவ எடுத்துக்கோ. ஃபர்ஸ்ட்எனர்ஜின்னு ஒரு மின்சார கம்பெனி, அங்க சட்டசபை சபாநாயகரா இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டர் கூட்டத்துக்கு கிட்டத்தட்ட 6 கோடி டாலர் கொடுத்து 2019ல ஒரு சட்டத்த வாங்கிச்சு. ஆமா, வாங்கிச்சுன்னுதான் சொல்லணும். ரெண்டு அணு உலைய காப்பாத்த ஜனங்க பில்லுல காசு வசூலிக்க வழி பண்ணாங்க, பழைய நிலக்கரி பிளாண்டுக்கும் மானியம், அதோட அந்த மாநிலத்துல இவ்வளவு கரண்ட் புதுப்பிக்கத்தக்க வழில வரணும்னு இருந்த இலக்கையும் 12.5 சதவீதத்துலேர்ந்து 8.5க்கு இறக்கிட்டாங்க. 2023ல அந்த ஆளுக்கு 20 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சு. நெவாடான்னு அங்க இன்னொரு மாநிலம், அதுல லஞ்சம்னு எதுவும் இல்ல, மின் கட்டணத்த முடிவு பண்ற ஆணையம் 2015 கடைசில போட்ட உத்தரவுலயே வேலைய முடிச்சுட்டாங்க. கூரைல சோலார் போட்டவங்களுக்கு மாசாமாசம் நிலையான கட்டணத்த ஏத்தி, அவங்க திருப்பி அனுப்பற யூனிட்டுக்கு விலைய குறைச்சு, ஏற்கனவே கடன் வாங்கி போட்டவங்களையும் சேத்து மாட்டி விட்டாங்க. சோலார் போடற கம்பெனிங்க அந்த மாநிலத்த விட்டே கிளம்பிடுச்சு. ஜனங்க விடாம சண்டை போட்டு 2017ல சட்டத்த மாத்தினாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, இப்ப சோலார் வேணாம்னு எந்த பெரிய கம்பெனியும் சொல்லல. நம்ம கமுதில அதானி 648 மெகாவாட் போட்டு 2016லயே ஓடிட்டு இருக்கு. வெயில் அவங்க வேலிக்குள்ள விழுந்தா சம்மதம், உன் மொட்டை மாடில விழுந்து நீயே எடுத்துக்கிட்டாதான் வயித்தெரிச்சல். ஏன்னா நீ அப்ப கஸ்டமர் இல்ல. எனக்கு கோபம் வர்றது இந்த இடத்துலதான்.

ஆனா நம்ம ஊர் கதை அவ்வளவு நேர்கோடு இல்லடா. இங்க சோலார் போட்டவங்க வாரியத்து லைன பயன்படுத்தறதுக்குன்னு நெட்வொர்க் சார்ஜ் போட்டது தனியார் முதலாளி இல்ல, நம்ம மின்வாரியமும் கட்டணத்த முடிவு பண்ற மின்சார ஒழுங்குமுறை ஆணையமும்தான். சின்ன சின்ன பட்டறைக்காரங்க கோயமுத்தூர் திருப்பூர்ல எவ்வளவு போராடினாங்க, அப்புறம்தான் 2023ல சிறு தொழிலுக்கு அத பாதியா குறைச்சாங்க. வாரியத்து பக்கம் நின்னு பாத்தாலும் ஒரு நியாயம் தெரியுது. என் பம்ப்செட்டுக்கு இலவச கரண்ட், வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அரசாங்க மானியம் போக மீதி சுமைய தூக்கறது அதிக ரேட் கட்டற மில்லும் கம்பெனியும்தான், அவங்க எல்லாம் சோலார் போட்டு ஒதுங்கிட்டா யார் தலைல விழும்? அதுக்காக மாடில நாலு பேனல் போட்ட லேத் பட்டறைக்காரன பிழியறத ஏத்துக்க முடியாது.

என் வீட்டு விஷயத்துக்கு வர்றேன். 3 கிலோவாட் போட்டுட்டேன், மத்திய அரசு மானியம் 78,000 வந்துச்சு. போன வாரம் மத்தியானம் ரெண்டு மணி, மண்டைய பொளக்கற வெயில், லைன்ல கரண்ட் போச்சு, உடனே நம்ம இன்வெர்ட்டரும் ஆஃப் ஆயிடுச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பாத்துட்டு "பேனல் மேல வெயில் அடிக்குது, உள்ள ஃபேன் சுத்தலயே, இதுவும் கம்பெனிக்காரன் சதிதானே"ன்னு கேட்டாரு. அது சதி இல்லடா. லைனோட சேந்த இன்வெர்ட்டர், மெயின் போனா நின்னே ஆகணும், இல்லேன்னா நம்ம கரண்ட் கம்பில ஏறி மேல வேலை செய்யற லைன்மேன் உயிருக்கு ஆபத்து. அப்பவும் ஓடணும்னா பேட்டரி வச்ச ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடணும், அதுக்கு தனி செலவு. எது சதி, எது பாதுகாப்பு, எது வெறும் காசு கணக்குன்னு பிரிச்சு பாக்க கத்துக்கணும்டா, இல்லேன்னா நம்ம கோபம் எல்லாம் தப்பான இடத்துல போய் விழும்.

நீ லைனையே வெட்டிட்டு தனியா வாழப் போறேன்னு எழுதியிருந்தியே, அதுக்கு முன்னாடி மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை பஞ்சாயத்த பாரு. 2006ல பஞ்சாயத்து பணத்தோட பேங்க் கடனும் சேத்து 1.55 கோடில 350 கிலோவாட் காத்தாடி ஒண்ணு வாங்கினாங்க. வச்சது அவங்க ஊர்ல இல்ல, இங்க உடுமலை பக்கம் மைவாடில, காத்து இருக்கற இடமா பாத்து. கரண்ட் வாரியத்தோட லைன்லதான் போகுது, ஊர் தேவைக்கு மேல மிச்சமாகறத வாரியத்துக்கே வித்தாங்க, கடனையும் அடைச்சாங்க. காத்தாடிய செஞ்சது கம்பெனிதான், கம்பி வாரியத்தோடது, ஆனா காத்தாடிக்கு ஓனர் பஞ்சாயத்து. எனக்கு புடிச்ச தற்சார்பு இதுதான். நீ ஒருத்தன் பேட்டரிய வாங்கி வச்சு தப்பிச்சுட்டா, உன் தெருவுல மாடியே இல்லாத ஓட்டு வீட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க சொல்லு?

புதுசா கட்டணத்த நிர்ணயிக்கறதுக்கு முன்னாடி ஆணையம் ஜனங்க கருத்த கேக்கணும், கருத்துக்கேட்பு கூட்டமும் வைக்கறது உண்டு, யார் வேணா மனு கொடுக்கலாம், பேசலாம். கம்பெனிக்காரங்க வக்கீலோட வர்றாங்க, நம்மள மாதிரி ஆளுங்க வர்றது கம்மி. அடுத்த தடவை நோட்டீஸ் வந்தா உனக்கு போன் போடறேன், உன் ரெண்டு வருஷ பில்ல எடுத்து வை, சேந்தே போவோம்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு. சின்னவ பரீட்சை எப்படி எழுதினான்னு மறக்காம எழுது.

அன்புடன்,
ராசு