என் கதை உங்கள் சொத்துப் பட்டியலில் எதற்கு?

பழைய மகாபலிபுரம் சாலையில் இயங்கும் ஐடி நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, சட்டப் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

வேலையில் சேரும் நாளில் நீங்கள் நீட்டும் ஒப்பந்தத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. இது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வங்கிக் கணக்குப் படிவம், பிஎஃப் படிவம், அடையாள அட்டைக்குப் போட்டோ என்ற அவசரத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டு கேன்டீன் எங்கே என்று தேடப் போய்விடுகிறோம். அந்த ஒப்பந்தத்தின் நடுவில், அறிவுசார் சொத்து என்ற தலைப்பின் கீழ், பல நிறுவனங்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒரு பத்தி இருக்கிறது. பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் கண்டுபிடிப்பு, நிரல், வடிவமைப்பு, எழுத்து எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். அலுவலக நேரத்தில் உருவாகியிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இந்த மடல் அந்தப் பத்தியைப் பற்றியது.

நான் ஒரு வங்கிச் செயலியின் பின்னணி நிரலை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். வேலை முடிந்த பிறகு தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிறேன். அதற்குப் பிறகும் நேரம் மிஞ்சினால் காமிக்ஸ், அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன். இந்த மூன்றும் ஒன்றின் நேரத்தை ஒன்று பிடுங்கித் தின்னும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பதுண்டு. கொஞ்சம் பிடுங்கும்தான். ரிலீஸ் வாரத்தில் நான் ஒரு வரிகூட எழுதுவதில்லை. செயலியில் கோளாறு வந்தால் உடனே கவனிக்கவேண்டிய ஆன்-கால் வாரத்தில், இரவு இரண்டு மணிக்கு போன் அலறும் என்று தெரிந்தால் கதாபாத்திரம் எதுவும் மனதுக்குள் வந்து உட்காராது. மற்ற நாட்களில் சோழிங்கநல்லூரிலிருந்து வீடு போய்ச் சேரும்வரை கம்பெனி பஸ்ஸில் கைப்பேசியில் தட்டிக்கொண்டே போவேன். அலுவலக லேப்டாப்பில் ஒரு எழுத்துகூடக் கதைக்காக அடிப்பதில்லை. உங்கள் ஒப்பந்தத்துக்குப் பயந்துதான்.

கதைத் தொகுப்பு ஒன்று அச்சுக்குப் போகும் நிலைக்கு வந்தபோது, எதற்கு வம்பு என்று முறைப்படி அனுமதி கேட்டேன். வெளிப்பணி அறிவிப்புப் படிவம் என்று ஒன்று வந்தது. வாடிக்கையாளர் பெயர், பயன்படுத்தும் தொழில்நுட்பம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எதிர்பார்க்கும் வருமானம். இவற்றில் எதையும் காலியாக விட முடியாது. வாடிக்கையாளர் என்ற இடத்தில் ‘வாசகர்கள்’ என்று எழுதினேன். தொழில்நுட்பத்துக்கு ‘தமிழ்99 விசைப்பலகை’. வாடிக்கையாளர் பெயர் செல்லாது என்று படிவம் திரும்பி வந்தது. பதிப்பகத்தின் பெயரைப் போட்டு மறுபடி அனுப்பினேன். அப்புறம் ஒரு போன்.

“உங்க ஸ்டோரீஸோட இங்கிலீஷ் வெர்ஷன் இருக்கா? லீகல் டீம்ல யாருக்கும் தமிழ் படிக்க வராது.”

பேசியவர் தன்மையாகத்தான் பேசினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு முழுத் தொகுப்பையும் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடு, படித்துவிட்டுச் சொல்கிறோம் என்றால் அது நடக்கிற காரியமா? கடைசியில் ஒவ்வொரு கதைக்கும் ஒரு பத்தியில் சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். (கதை எழுதியதைவிட அது கஷ்டம்.) அதில் ஒரு கதைக்கு மட்டும் விளக்கம் கேட்டார்கள். கடன் விண்ணப்பங்களைக் காரணம் சொல்லாமல் நிராகரிக்கும் இயந்திரம் ஒன்று அதில் வரும். அது நம் கிளையன்ட்டைக் குறிக்கிறதா என்று கேள்வி. அந்த இயந்திரம் சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில் இருக்கிறது, கிளையன்ட்டுக்கு அங்கே கிளை இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் எழுதினேன். பார்க்கப்போனால், அவர்கள் கேட்டதில் நியாயமான கேள்வி அது ஒன்றுதான். கிளையன்ட்டின் ரகசியம் கதை வழியாக வெளியே போகக்கூடாது என்ற கவலை எனக்குப் புரிகிறது. அதற்குத்தான் தனியாக ரகசியக் காப்பு ஒப்பந்தம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். அது போதும்.

நீங்கள் இவ்வளவு எச்சரிக்கையாவதன் காரணம் 2022 என்று நினைக்கிறேன். அந்த வருடம் செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்த 300 பேரை வெளியேற்றியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி சொன்னார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஸ்விக்கி தன் ஊழியர்கள் வெளிவேலை செய்யலாம் என்று கொள்கை வெளியிட்டிருந்தது. இரட்டை வேலை கூடாது என்று ஊழியர்களை எச்சரித்த இன்ஃபோசிஸ், அடுத்த மாதமே முன் அனுமதியோடு சில வெளிப்பணிகளை ஏற்கலாம் என்றது. ‘மூன்லைட்டிங்’ என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது அப்போதுதான். பகலில் ஒரு நிறுவனத்துக்கும் இரவில் அதன் போட்டியாளருக்கும் நிரல் எழுதுவது தவறு என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த வலையில் கதை எழுதுகிறவனும் சேர்ந்து சிக்கியதுதான் வேடிக்கை. பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் ஒன்றிலேயே இரண்டு நிறுவனங்களின் பிஎஃப் விழுந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். சிறுகதைக்கு பிஎஃப் கட்டும் பதிப்பாளர் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கும் அறிமுகம் செய்து வையுங்கள்.

வருமானக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், படிவத்தில் கேட்டிருந்தீர்களே. 200 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீத ராயல்டி, 300 பிரதி விற்றால் 6000 ரூபாய். அந்த 300 விற்பதற்குள் வருடம் ஓடிவிடும். இதற்காக யாரும் வேலையை அலட்சியம் செய்யப்போவதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் இந்த விஷயத்துக்குத் தெளிவாக ஒரு கோடு போட்டிருக்கிறது. பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். சரி, நியாயம். நான் எழுதும் வங்கி நிரல் உங்களுடையதுதான், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். பணியின் பகுதியாக இல்லாத படைப்புக்கு எழுதியவரே உரிமையாளர். அந்தக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்திருப்பது உங்கள் ஒப்பந்தம்தான். கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் கிளையன்ட்டுகளைக் கேளுங்கள். அங்கே தொழிலாளர் சட்டத்தின் 2870ஆம் பிரிவு, ஊழியர் தன் சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில் உருவாக்கிய, நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாத கண்டுபிடிப்பை எழுதி வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. டிரெஸ் கோடு முதல் அப்ரைசல் வரை எல்லாவற்றையும் அங்கிருந்து இறக்குமதி செய்தவர்கள் இதை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டீர்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். சிவப்பு நாடா என்று நாமெல்லாம் கேலி செய்யும் மத்திய அரசே, 1964ஆம் ஆண்டின் ஊழியர் நடத்தை விதிகளில், அலுவலகக் கடமை பாதிக்கப்படாதவரை அவ்வப்போது இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணிகளில் ஈடுபட முன் அனுமதி தேவையில்லை என்று 15ஆம் விதியில் எழுதி வைத்திருக்கிறது. பீன் பேக் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடு, இங்கே மேலே கீழே கிடையாது என்று சொல்லும் நீங்கள் ஒரு அரசு அலுவலகத்தைவிட இறுக்கமாக இருப்பது உங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அதே காலத்தில்தான் தொடர்கதைகளாக எழுதித் தள்ளினார். உங்கள் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் கதையில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் இன்றைக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் சொத்துப் பதிவேட்டில், ஏதோ ஒரு ரேடாருக்கும் வயர்லெஸ் செட்டுக்கும் நடுவில் படுத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. காமிக்ஸ், அறிவியல் புனைகதை என்று கிடக்கும் எங்களுடைய இந்த கீக் ரசனை உங்களுக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. ரொம்பவே பிடிக்கும், சுவரில் மாட்டும் வரைக்கும். எங்கள் கட்டடத்தில் மீட்டிங் அறைகளுக்கு சூப்பர்ஹீரோக்களின் பெயர்தான். மே 4ஆம் தேதி ஸ்டார் வார்ஸ் தினத்துக்கு டி-ஷர்ட் கிடைக்கும். புதிதாக ஆள் எடுக்கும்போது போடும் விளம்பரத்தில் ஒரு அனிமே பையன் லேப்டாப்போடு பறப்பான்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா நடந்தது. எங்கள் டெஸ்டிங் குழுவிலிருந்து ஒரு பெண் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியாக வேஷம் போட்டு வந்திருந்தார். கடையில் கிடைக்கும் வேஷம் இல்லை அது. ஈவிஏ ஃபோம் ஷீட்டை விரல் விரலாக வெட்டி, ஹீட் கன்னால் சூடாக்கி வளைத்து, மூட்டுகளில் எலாஸ்டிக் வைத்து ஒட்டி, மேலே வெள்ளி ஸ்ப்ரே அடித்திருந்தார். விரலை மடக்கினால் தகடு தகடாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். சின்னப் பையன்கள் எல்லாம் அவரை மார்வெல் படங்களில் உலோகக் கையோடு வரும் வின்டர் சோல்ஜர் என்று நினைத்து போட்டோ எடுத்தார்கள். அவரும் ஒவ்வொருவரிடமும் சளைக்காமல், 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இந்த மாயாவியை வைத்துத்தான் ஆரம்பித்தது, மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் தெரியும் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வைத்திருந்த பழைய இதழ்களில் படித்தாராம்.

திங்கட்கிழமை அந்தப் படம் நிறுவனத்தின் பக்கத்தில் ஏறியது, ஊழியர்களின் படைப்பாற்றலைக் கொண்டாடுகிறோம் என்ற வரியோடு. ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு கை செய்து தருகிறீர்களா, பணம் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். இப்படிச் செய்து கொடுக்கலாமா என்று அந்தப் பெண் மனிதவளப் பிரிவில் விசாரித்தபோது வந்த பதில்: அது வெளிப்பணி, படிவம் நிரப்புங்கள். வாடிக்கையாளர் பெயர், பயன்படுத்தும் தொழில்நுட்பம் எல்லாம் அதே. அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஆக, எங்கள் ஆர்வம் உங்கள் விளம்பரத்துக்கு உதவும்போது அது கலாசாரம். அதே கையால் நாங்கள் எதையாவது உருவாக்கி வெளியே கொடுத்தால் அது ஒழுங்கு மீறல். இதில்தான் எனக்கு வருத்தம்.

வேலைக்கும் இதனால் கெடுதல் இல்லை, என்னைக் கேட்டால் லாபம்தான். பதிப்பாசிரியரிடம் பத்திகளை வெட்டக் கொடுத்துப் பழகியவனுக்கு சக ஊழியர்கள் நிரலில் குறை சொல்லும் கோட் ரிவ்யூவில் ரோஷம் வராது. பேச்சு பலூனுக்குள் அடங்கும்படி ஒரு வசனத்தைச் சுருக்கியது எப்படி என்று காமிக்ஸ் பக்கங்களில் உற்றுப் பார்த்த பிறகுதான், என் பிழைச்செய்திகள் பயனருக்குப் புரியும்படி மாறின. ஆனால் இதை ஒரு வாதமாக வைக்க எனக்கு விருப்பமில்லை. வேலைக்கு உதவுவதால் மட்டும்தான் கதை எழுதலாம் என்று ஆகிவிடக்கூடாது.

நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. அறிவுசார் சொத்துப் பத்தியின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: ஊழியர் தன் சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில் உருவாக்கும் இலக்கிய, கலைப் படைப்புகளுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் அது செல்லும் என்று ஒரு சுற்றறிக்கை. அனுமதி என்ற இடத்தில் தகவல் தெரிவித்தால் போதும் என்று வையுங்கள். கிளையன்ட் சம்பந்தப்பட்ட சந்தேகம் வந்தால் மட்டும் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்கும் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். சென்னையில் அப்படி ஒருவர் கிடைப்பது அவ்வளவு சிரமமாக இருக்காது.

என் படிவம் இன்னும் ‘பரிசீலனையில்’ என்றே காட்டுகிறது. ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி. அதற்குப் புத்தகம் வரவேண்டுமானால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் அச்சகத்துக்குக் கோப்பு போயாகவேண்டும். அதற்கு முன் ஒரு பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களில் கதை எழுதும் ஒருவன்