அழைப்பிதழில் நாதஸ்வரக்காரர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழியில் உங்கள் நாளிதழோடு வரும் இசை விழா இணைப்பை வரி விடாமல் படிப்பவள் நான். இந்த வருடமும் படித்தேன். பாட்டு, வயலின், வீணை, புல்லாங்குழல் என்று எல்லாம் இருந்தது. எந்த சபா கேன்டீனில் அடை அவியல் நன்றாக இருக்கிறது என்பதுகூட இருந்தது. நாதஸ்வரத்துக்கு மட்டும் ‘மங்கள இசையுடன் தொடங்கும்’ என்று அரை வரி. யார் வாசிக்கிறார்கள் என்பது இல்லை.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கோயில் திருவிழாப் பத்திரிகைகளிலும் இதே கதைதான். உபயதாரர் பெயர், அவருடைய அப்பா பெயர், வாணவேடிக்கைக்காரர் ஊர், மைக்செட்காரரின் செல்போன் எண் எல்லாம் அச்சாகியிருக்கும். மேளம் என்று வந்தால் ‘ஆலய வித்வான்கள்’ என்று முடித்துவிடுவார்கள். அந்த வித்வானுக்குப் பெற்றவர்கள் பெயர் வைக்கவில்லையா என்ன?

நான் திருச்சியில் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் போர்டில் இருந்து ஓய்வு பெற்றவள். வீடு ஸ்ரீரங்கம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்த காலத்திலேயே, எங்கே திருவிழாக் கச்சேரி என்று பார்த்து ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிற ஆள். இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைத் தெருவில் நின்று கேட்டவர். பிள்ளை 1956-ல் காலமானார். நான் பிறந்ததும் அதே வருடம்தான். “நீ ஒரு பத்து வருஷம் முந்திப் பிறந்திருக்கலாம்” என்று அப்பா என்னைத் திட்டுவதுபோலச் சொல்வார். திமிரி என்கிற குட்டை நாயனத்தை விட்டுவிட்டு நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்து, நாதஸ்வரத்தின் குரலையே மாற்றியவர் பிள்ளை. அவருக்கு சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைக்கவில்லை. அப்பா கடைசிவரை ஆறாமல் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் இது. 

நான் நேரில் கேட்டதில் முதலில் சொல்ல வேண்டியவர் ஷேக் சின்ன மௌலானா. எங்கள் ஊர்க்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்வோம். உண்மையில் ஆந்திரத்துக் கரவதியில் பிறந்தவர். தஞ்சாவூர் பாணியின் மேல் ஆசைப்பட்டு, நாச்சியார்கோயில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்றுக்கொண்டு, அப்புறம் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். அரங்கன் ஊரில் ஒரு முஸ்லிம் ராமன் மேல் கீர்த்தனை வாசிப்பதை அன்றைக்கு யாரும் அதிசயமாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. கரகரப்பிரியா ராகத்தை எப்படி வாசித்தார் என்பதுதான் பேச்சாக இருக்கும்.

அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அவருடைய மேளம். பெண்கள் பக்கம் உட்காராமல் பந்தக்கால் ஓரமாக நின்றுகொண்டேன். அங்கிருந்து அவர் கை நன்றாகத் தெரிந்தது. நாயனத்தில் நூலில் கோத்துத் தொங்கிய சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்தார், நாக்கில் ஈரப்படுத்தினார், லேசாக ஊதிப் பார்த்தார், வேண்டாம் என்று விட்டார். இன்னொன்றை எடுத்து அதன் வாயைக் குச்சியால் சற்றே விரித்து, திரும்ப ஊதினார். மூன்றாவது சீவாளிதான் பிடித்தது. பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் ‘நேரமாகிறது’ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

வாசிக்க ஆரம்பித்தபோது சத்தம் என்றே சொல்ல முடியாது. வாய்ப்பாட்டுக்காரர் கீழ் ஸ்தாயியில் முனகுவாரே, அப்படித்தான் வந்தது. அந்த இரும்பு மாதிரிக் கட்டையான ஆச்சா மரத்திலிருந்து இவ்வளவு மெதுவாக ஒரு காந்தாரத்தை அசைக்க முடியுமா என்றிருந்தது. கோட்டை அடுப்பை விட்டுவிட்டுச் சமையல்காரர்கள் இரண்டு பேர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். சாம்பார் கொஞ்சம் அடிப்பிடித்தது என்று மறுநாள் பேச்சு. எனக்கென்னவோ அன்றைக்குச் சாப்பாட்டின் ருசி எதுவும் நினைவில் இல்லை. அவருக்கு 1998-ல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். அடுத்த வருடமே போய்விட்டார்.

நாதஸ்வரம் வெட்டவெளிக்குப் பிறந்த வாத்தியம். முப்பது நாற்பது அடி தள்ளி, தலைக்கு மேல் வானம் இருக்கும்படி நின்று கேட்க வேண்டும். குளிரூட்டிய மண்டபத்துக்குள் அனசுக்கு, அதாவது நாயனத்தின் விரிந்த அடி வாய்க்கு, நேரே மைக்கைச் செருகி ஸ்பீக்கரில் விட்டால் அதன் நாதம் போய் நாராசம்தான் மிஞ்சும். ‘நாதஸ்வரம் காதைக் கிழிக்கிறது’ என்று சொல்லும் இளையவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கேட்டது ஸ்பீக்கரை. மிருதங்கத்துக்கே மைக் வேண்டாம் என்று பாலக்காடு மணி ஐயர் பிடிவாதமாக நின்ற காலம் உண்டு. தெருவெல்லாம் கேட்கும் நாயனத்துக்கும் தவிலுக்கும் எதற்கு ஐயா மைக்?

தவில் என்றால் எனக்கு வலையப்பட்டி சுப்பிரமணியம்தான். குன்னக்குடி வைத்தியநாதன் வயலினோடு அவர் மேடையேறினால் கோயில் திடலில் மணல் தெரியாது. வித்தை காட்டுகிறார்கள் என்று முகம் சுளித்த பெரியவர்களும் இருந்தார்கள். அவர்களும் எழுந்து போனதில்லை! ஒருமுறை மேடை ஓரத்தில் அவர் தயாராவதைப் பார்த்தேன். வலது கை விரல்களில் அந்தக் கெட்டியான கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டித் தட்டிப் பார்க்கிறார். இடது கையில் பூவரசங்குச்சி. கூடு சரியாக உட்காராத ஒரு விரலுக்குத் துணியை மறுபடி சுற்றிக்கொண்டார். வாசிப்பு தொடங்கியதும் அந்த விரல்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. அவரும் 2009-ல் சங்கீத கலாநிதி ஆனார். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, கேட்பதற்கு அப்பா இல்லையே என்றிருந்தது.

பாடகர் மதுரை சோமுவை ஒரு மாரியம்மன் திருவிழாவில் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன், நாதஸ்வரத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும். சாமி புறப்பாடு முடிந்து, ராத்திரி வெகு நேரம் கழித்துத்தான் உட்கார்ந்தார். அவரைச் சுற்றிப் பக்கவாத்தியக்காரர்கள் ஒரு படையே இருந்தார்கள். ‘என்ன கவி பாடினாலும்’ என்று நீலமணி ராகத்தில் எடுத்தபோது, கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அது என்ன ராகம் என்று தெரிந்திருக்காது. அன்றைக்கு எனக்கும் தெரியாது. டிக்கெட் கிடையாது, பாஸ் கிடையாது. ஒரு பனை ஓலைத் தடுக்கு இருந்தால் போதும். சோமு 1989-ல் மறைந்தார். அந்த மாதிரி விடிய விடியப் பாடும் திருவிழாக் கச்சேரிகளும் அவரோடு கூடவே போய்விட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார் மேளம் வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்கின்றன. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற கோயில் மேள உருப்படியை வாசிக்க வேண்டும். தளிகை வரும்போது ஒரு மல்லாரி, தேருக்கு ஒரு மல்லாரி என்று தனித்தனியாக உண்டு. பள்ளியறைக்கு நீலாம்பரி. இதையெல்லாம் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன ஆண்டு ஒரு கும்பாபிஷேகத்துக்குப் போயிருந்தேன். கோயில் பெயர் வேண்டாம். ஒரு பையன், இருபது வயதுக்கு மேல் இருக்காது, தோடியை ஆரம்பித்து அழகாக விரித்துக்கொண்டிருந்தான். பஞ்சமத்தில் நின்று மேலே போகப் போகிறான், பிரமுகர் வந்துவிட்டார் என்று விழாக்குழுவினர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பையன் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றான். அப்புறம் பொன்னாடைகளும் பேச்சுகளும் முக்கால் மணி நேரம் நடந்தன. திரும்ப அவனை வாசிக்கச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. அவன் பெயர் என்ன என்று பத்திரிகையைப் புரட்டினேன். ‘ஆலய வித்வான்கள்.’ கடைசியில் அவனிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாரிடம் பாடம் என்று கேட்டதும் குருநாதர் பெயரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கல்யாண வீடுகளிலும் இதே நிலைதான். விரலை ஆட்டினால் கெட்டிமேளம் கொட்ட மட்டும் ஆள் வேண்டும். மற்ற நேரத்துக்கு லைட் மியூசிக். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் சினிமாப் பாட்டு பிடிக்கும். ‘சிங்காரவேலனே தேவா’வில் காருக்குறிச்சி அருணாசலத்தின் ஆபேரி வாசிப்பை ரேடியோவில் கேட்டுத்தான் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் நாதஸ்வரம் பக்கம் வந்தோம். ஆனால் மேளத்துக்கு ஒரு மணி நேரமாவது முழுசாகக் கொடுங்கள் என்கிறேன்.

அறநிலையத்துறையும் விழாக்குழுக்களும் திருவிழாப் பத்திரிகையில் நாதஸ்வரம், தவில் கலைஞர்களின் பெயர்களை ஊரோடு சேர்த்து அச்சிட வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, இரண்டு வரி இடம்தான். உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் சொற்பொழிவு, பட்டிமன்றம் எல்லாம் நேரத்தோடு போடுகிறீர்கள். எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குப் புறப்பாடு, யார் வாசிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். என் போன்றவர்கள் ஆட்டோ பிடித்தாவது போய் நிற்போம். பங்குனி உத்திரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். எங்கள் வட்டாரத்துத் தகவல்களைத் திரட்டித் தர நான் தயார். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர், ஸ்ரீரங்கம்