தமிழக முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவுக்கு நடமாடும் சேவை கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்களுக்கு,
மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய ஐயா,

நான் மயிலிட்டியைச் சேர்ந்த கடற்றொழிலாளி. 1990இல் மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி, மண்டபம் அகதி முகாமில் பதிந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தமிழகத்தில் இருந்துவிட்டுத் திரும்பினேன். கலியாணமும் பிள்ளையும் அங்கேதான்.

எனக்கும் மனைவிக்கும் அடையாள அட்டை இருக்கிறது. 1998இல் பிறந்த மகனுக்கு இல்லை. அவனிடம் இருப்பது தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் மட்டும். தாயோ தகப்பனோ இந்தியர் இல்லாததால் அந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது. என்னோடு கடலுக்கு வருகிறான். நேவி மறித்து அட்டை கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறான். வங்கிக் கணக்கு, லைசென்ஸ் எதுவும் இல்லை.

எங்கள் குடியுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் கூடுதல் காலம் தரலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. இதைக் கேட்கப் போன ஓர் அலுவலகத்தில், "நீங்கள் சட்டவிரோதமாகப் போன ஆட்கள்தானே" என்றார்கள். ஷெல் விழுந்த நேரத்தில் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு யார் போனது, ஐயா?

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. அதனால் அங்கே நாங்கள் அனுமதியில்லாமல் வந்தவர்கள், இங்கே அனுமதியில்லாமல் போனவர்கள். உடன்படிக்கை உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் பதிவு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.

இந்தப் பதிவுக்கான அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைக்கு ஒருமுறை போய்வர இரண்டு நாள் தொழில் போகும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தையும் ஆட்பதிவுத் திணைக்களத்தையும் சேர்த்து, தெல்லிப்பழையில் ஒரு நடமாடும் சேவை நடத்தித் தரவேண்டும். பிந்திய பதிவுக்கு முகாம் வாழ்க்கையைத் தகுந்த காரணமாக ஏற்கும்படி தாங்கள் அமைச்சுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அப்புறம், இந்தப் பிள்ளைகளிடம் என்னென்ன பத்திரம் கேட்க வேண்டும் என்பதைக் கிராம அலுவலர்களுக்கு எழுத்தில் அறிவித்தால் ஆளுக்கொன்று சொல்லமாட்டார்கள்.

மகனின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் முகாம் பதிவு அட்டை ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மனுதாரர்,
மயிலிட்டி, வலிகாமம் வடக்கு.